குணமாகாது என்பதோடு நிறுத்த வேண்டாம்

ஹெர்பிஸ் வைரஸால் வரும் பாலுறவுத் தொற்றான பிறப்புறுப்பு அக்கி குணமாகாது என்று நான் படித்த கட்டுரை ஒன்று முடிவது உண்மையே என்றாலும், ஏழு ஆண்டுகளுக்கு முன் அதே வரியைப் படித்து உறக்கமிழந்தவள் என்ற முறையில் சிலவற்றைச் சேர்க்க விரும்புகிறேன். வைரஸ் நரம்பு முடிச்சுகளில் வாழ்நாள் முழுவதும் தங்கினாலும், கொப்புளங்கள் மீண்டும் வருவது பெரும்பாலானோருக்குக் காலப்போக்கில் குறைகிறது. 2004-இல் வெளியான ஆய்வொன்றில், தொற்றுள்ளவர் அன்றாடம் 500 மில்லிகிராம் வாலசைக்ளோவிர் என்ற வைரஸ் எதிர்ப்பு மாத்திரை எடுத்துக்கொண்டது, இணையருக்குத் தொற்றுவதை ஏறக்குறையப் பாதியாகக் குறைத்தது. ஆகவே மருத்துவரிடம் அதைப் பற்றிக் கேளுங்கள். காவி குழைத்து அக்கி எழுதச் சொல்லும் அன்பான உறவினர்களுக்காக மாத்திரையைத் தள்ளிப்போடாதீர்கள். முக்கியமாக, பல ஆண்டுகள் அறிகுறியின்றி இருந்த பழைய தொற்றும் இன்று முதன்முறையாக வெளிப்படலாம் என்பதால், கணவரையோ மனைவியையோ உடனே சந்தேகிக்க வேண்டாம். நான் அவசரப்பட்டுச் சொன்ன சொற்கள் இன்றும் என்னை வருத்துகின்றன.