நாய் கடித்தால் எந்த வரிசை?

நாய் கடித்து அரசு மருத்துவமனைக்கு ஊசிக்குப் போன திருநங்கை ஒருத்தியைப் பற்றி முன்பு எழுதியிருந்தேன். ஜமாத்தில், அதாவது திருநங்கைகளான எங்கள் குடும்ப அமைப்பில், எனக்கு மகள் முறையான அவளை ஊசி போடும் அறை வாசலில் ஆண்கள் வரிசைக்கும் பெண்கள் வரிசைக்குமாக விரட்டி, ஊசியே போடாமல் அனுப்பிய கதையை மறுபடி எழுத எனக்குத் தெம்பில்லை. அதைப் படித்துவிட்டு, "திருநங்கைகள் உங்களுக்குத்தான் தனி கிளினிக் இருக்கிறதே, அங்கே போகவேண்டியதுதானே?" என்று கேட்டீர்களே, அவர்களுக்குத்தான் இது.

இருக்கிறது ஐயா. சென்னை ராஜீவ் காந்தி அரசுப் பொது மருத்துவமனையில் இருக்கிறது, மதுரை ராஜாஜியில் இருக்கிறது. கேட்டுக் கேட்டு வாங்கியவை. ஹார்மோனுக்கும் அறுவைச் சிகிச்சைக்கும் அங்கே போகிறோம். நாய்க்கடிக்கு அங்கே என்ன வேலை? ரேபிஸ் ஊசியைத் தள்ளிப்போடக் கூடாது என்பது பள்ளிப் பிள்ளைக்கும் தெரியும். விழுப்புரத்தில் கடி வாங்கியவள் சென்னைக்கு ரயில் ஏற வேண்டுமா? கடித்த நாய்கூட ஆணா பெண்ணா என்று கேட்கவில்லை.

நாய்க்கடிக்கு நாய்க்கடி வைத்தியம். கேட்டது அவ்வளவுதான்.

"மருத்துவர் விவரம் கேட்கத்தானே வேண்டும்?" கேட்கட்டும். ஈஸ்ட்ரோஜன் எடுப்பவளுக்குக் கால் வீங்கினால் ரத்தக்கட்டு உண்டா என்று பார்க்கத்தான் வேண்டும். அறுவை முடிந்த திருநங்கைக்கும் புராஸ்டேட் இருக்கும். கருப்பை உள்ள திருநம்பியைப் பெண்கள் நல மருத்துவர்தான் பார்க்க வேண்டும் (அந்த வராந்தாவில் தாடியோடு உட்கார்ந்திருப்பவனின் நிலையை யோசித்திருக்கிறீர்களா?). சிகிச்சைக்கான கேள்வி எது, வேடிக்கைக்கான கேள்வி எது என்று எங்களுக்குத் தெரியும். கடைவாய்ப் பல்வலியோடு போன என்னிடம் ஒரு பல் மருத்துவர் "ஆபரேஷன் முடிந்துவிட்டதா?" என்றார். பக்கத்து அறையிலிருந்து இரண்டு பேரையும் கூப்பிட்டுக்கொண்டார். வாயைப் பிளந்து கிடந்தவள் என்ன பதில் சொல்வது? பல்லைப் பிடுங்கி, பஞ்சை வைத்து, "உங்கள் ஆட்களைக் கூட்டமாக அனுப்பிவிடாதீர்கள்" என்றும் சொன்னார்.

செவிலியர்களுக்கு வேலைப்பளு என்கிறீர்கள். உண்மை. ஒருவர் பத்துப் பேர் வேலையைச் செய்கிறார். அந்தப் பளுவிலும் எங்களைப் பார்த்துச் சிரிக்க மட்டும் நேரம் கிடைக்கிறது. "பெண் நோயாளிகள் சங்கடப்படுவார்கள்" என்பதற்குப் பதில் சொல்லும் பொறுமை இன்று இல்லை. ஊசி கையில்தான் போடுகிறார்கள்.

2008-இல் நாட்டிலேயே முதலில் திருநங்கைகளுக்கு நல வாரியம் கண்ட மாநிலம் இது. எனக்கும் அந்தப் பெருமை உண்டு. 2014-இல் உச்ச நீதிமன்றம் மருத்துவமனைகளில் எங்களுக்கு முறையான சிகிச்சை தரச் சொன்னது. 2019-இல் வந்த திருநர் உரிமைப் பாதுகாப்புச் சட்டத்தின் 15-ஆவது பிரிவு, மருத்துவப் பாடத்திட்டத்தையே மறுஆய்வு செய்யச் சொல்கிறது. தாளில் எல்லாம் பத்திரமாக இருக்கிறது. நாய்க்கடிக்கு ஊசிதான் இல்லை.

உடனே, "எவ்வளவு செய்தாலும் உங்களுக்குக் குறைதான்." வந்துவிட்டதா? கடை திறந்தால் எங்கள் கை பட வேண்டும், பிள்ளை பிறந்தால் எங்கள் ஆசீர்வாதம் வேண்டும். அதே கையில் ஊசி போட மட்டும் தொடக் கூசுகிறது. இதில் நன்றி வேறு எதிர்பார்க்கிறீர்கள். எதற்கு நன்றி? சோப்பு வாங்கினால் நானும்தான் வரி கட்டுகிறேன். திருநங்கை என்று எந்தக் கடைக்காரரும் அதைக் கழித்துக்கொண்டதில்லை.