கண்ணில் படாத நெருப்பு

டிஸ்டோபியா நாவல்களில், அதாவது கொடுமையான கற்பனைச் சமூகங்களைக் காட்டும் கதைகளில் வரும் நெருப்பு என்றதும் பலரும் முதலில் சொல்வது ரே பிராட்பரியின் 'ஃபாரன்ஹீட் 451'. 1953இல் வந்தது. தீயணைப்பு வீரர்களே மண்ணெண்ணெய் ஊற்றிப் புத்தகங்களைக் கொளுத்தும் உலகம். எனக்கும் உயிரான நாவல்தான். ஆனால் என்னை அதிகம் பயமுறுத்திய நெருப்பு அதில் இல்லை. 1949இல் வந்த ஆர்வெலின் '1984'இல் இருக்கிறது.

அங்கே தீப்பிழம்பு யார் கண்ணிலும் படாது. அலுவலகச் சுவரில் கம்பிவலை போட்ட ஒரு துளை, அவ்வளவுதான். 'நினைவுத் துளை' என்று பெயர். வேண்டாத காகிதத்தை அதில் போட்டால் வெதுவெதுப்பான காற்று இழுத்துக்கொண்டு போய், கட்டடத்துக்குள் எங்கோ இருக்கும் உலையில் சேர்த்துவிடும். ஆளும் கட்சி சொன்னது பொய் என்று காட்டும் ஒரே புகைப்படம், அங்கே வேலை பார்க்கும் நாயகன் வின்ஸ்டன் கையில் கிடைக்கிறது. சில நிமிடங்களில் அவனே அதைத் துளைக்குள் போட்டுவிடுகிறான். யாரும் மிரட்டவில்லை. புகை இல்லை, வாடை இல்லை, வேடிக்கை பார்க்கக் கூட்டமும் இல்லை. அந்தப் பக்கத்தைத் தாண்ட எனக்கு ரொம்ப நேரமானது.

பிராட்பரியின் அரசு நடுத்தெருவில், ஊர் பார்க்கக் கொளுத்துகிறது. அதனாலேயே அந்த நெருப்புக்குச் சாட்சிகள் உண்டாகிறார்கள். புத்தகங்களை விட்டு வெளியே வர மறுக்கும் ஒரு பெண், சாதாரண சமையலறைத் தீக்குச்சி ஒன்றைக் கையில் எடுக்கிறாள். அவர்கள் கொளுத்துவதற்கு முன்னால் அவளே கொளுத்திக்கொள்கிறாள். பார்த்துக்கொண்டிருந்த தீயணைப்பு வீரன் மான்டாகால் மறுநாள் வேலைக்குப் போக முடியவில்லை. கதை திரும்பும் இடம் அதுதான் என்பேன். கண்ணெதிரே எரிந்ததால்தான் அவனுக்கு உறைத்தது. வின்ஸ்டனின் துளை அந்த வாய்ப்பையும் சேர்த்தே விழுங்கிவிடுகிறது.

அப்புறம், கடைசியில் ஆற்றில் மிதந்து தப்பும் மான்டாக் இருட்டில் சின்னதாக ஒரு தீயைப் பார்க்கிறான். அதைச் சுற்றி நீட்டிய கைகளும் அவற்றுக்கு மேலே முகங்களும் தெரிகின்றன, மற்றதெல்லாம் இருட்டு. எரிப்பதையே தொழிலாகக் கொண்டவனுக்கு, நெருப்பு கதகதப்பும் கொடுக்கும் என்று அப்போதுதான் புரிகிறது. இந்தக் காட்சியைப் பேசாமல் இந்த நாவலின் நெருப்பை வெறும் அழிவின் குறியீடு என்று முடித்துவிடுவது எனக்கு வருத்தமாக இருக்கிறது.

சூடு இரண்டு இடத்திலும் இருக்கிறது. மான்டாக் கண்ட தீயைச் சுற்றி ஆட்கள் அதற்குக் கை நீட்டுகிறார்கள். ஆர்வெலின் அலுவலகத்தில் அந்தத் துளையிடம் கை நீட்டுவது காகிதத்தைப் போட மட்டும்தான்.