ஒத்தத் தாழ்ப்பாளுக்கு இம்புட்டு அக்கப்போரா?

காலைல இருந்து மண்டை கொதிக்குது. யாருட்டயாச்சும் கொட்டித் தீக்கலைன்னா நைட்டு பிள்ளைய மடில போடுறப்பவும் இந்தக் கடுப்புலயேதான் இருப்பேன், அதான் எழுதுறேன். பெருசா இருக்கும், பொறுமை இருந்தா படிங்க.

நான் மதுரைல பைபாஸ் ரோட்டுப் பக்கம் ஒரு டூவீலர் ஷோரூம்ல அக்கவுண்ட்ஸ் பாக்குறேன், வீடு ஒத்தக்கடை. ஆகஸ்ட்ல பிள்ள பெறந்தான். வலி எடுக்குறதுக்கு மொத நாள் வரைக்கும் வேலைக்கு வந்து, லீவ மிச்சம் புடிச்சு, 26 வாரமும் பிள்ள கூடவே இருந்துட்டு பிப்ரவரி கடைசில திரும்ப சேந்தேன். பால நிப்பாட்டக் கூடாதுன்னு முடிவு பண்ணிட்டுத்தான் சேந்தேன். ஆறு மாசம் வரைக்கும் தாய்ப்பால் மட்டும், அப்புறம் இட்லி, கூழு, பருப்புச்சோறுன்னு ஆரம்பிச்சாலும் ரெண்டு வருஷமோ அதுக்கு மேலயோ பாலையும் சேத்துக் குடுங்கன்னு உலக சுகாதார நிறுவனம் சொல்லுது, எங்க தெரு நர்ஸக்கா சொல்லுது, தடுப்பூசி போடுற எடத்துல செவுத்துல பெருசா படம் போட்டு எழுதியும் வச்சிருக்கு. எல்லாம் சரி. வேலைக்குப் போறவ அதை எங்க உக்காந்து எடுக்குறதுன்னு மட்டும் ஒரு பயலும் எழுதி வைக்கல.

எங்க ஆபீஸ் ஆம்பளைங்களுக்கு புரியிற மாதிரியே சொல்றேன். இது பெட்ரோல் டேங்க் இல்ல, காலைல நெப்புனா சாயங்காலம் வரைக்கும் அப்பிடியே கெடக்குறதுக்கு. வைகை மணல்ல ஊத்து தோண்டுற மாதிரி, எடுக்க எடுக்கத்தான் ஊறும். எடுக்காம விட்டா மொதல்ல கட்டிக்கும், கல்லு மாதிரி ஆகிரும், கைய தூக்கி ஃபைல் எடுக்க முடியாது, அதையும் தாண்டி நாள்கணக்கா விட்டா உடம்பே சரி இவளுக்கு வேணாம் போலன்னு ஊறுறதக் கொறைச்சிரும். அதனால மூணு மணி நேரத்துக்கு ஒரு தடவை, ஒரு இருவது நிமிஷம். நான் கேட்டது அம்புட்டுத்தான்.

குடுத்தாங்க. ரெக்கார்ட் ரூம்னு ஒண்ணு. பழைய ஃபைலு, ஹெல்மெட் வந்த அட்டைப்பொட்டி, போன ஆயுத பூஜைக்கு கட்டுன ஜிகினா தோரணம், ரெண்டு ஒடஞ்ச சேரு, ஃபேன் கெடையாது. கதவு இருக்கு, தாழ்ப்பாள் இல்ல. பாத்ரூம்ல வச்சு எடுத்துக்கங்களேன்னு மேனேஜர் சொன்னதுக்கு இது பரவால்லன்னு ஒத்துக்கிட்டேன் (சோத்தக் கக்கூஸ்ல வச்சு வடிப்பாங்களாய்யா யாராச்சும்). ஒரு பிளாஸ்டிக் ஸ்டூல கதவோட ஒட்டிப் போட்டு, முதுக கதவுல சாச்சு, ரெண்டு காலையும் எதிர்த்தாப்ல பீரோவுல முட்டுக்குடுத்து உக்காருவேன். நாந்தான் தாழ்ப்பாள். ஒரு கைல பம்பு, இன்னொரு கைல போனு, போன்ல பிள்ள போட்டோ. ஏன்னா அவன் மூஞ்சியப் பாத்தாத்தான் பால் எறங்கும், எவனாச்சும் கதவத் தட்டினா அந்த நிமிஷமே நின்னு போகும். உடம்பு அப்பிடித்தான், பயந்தா விடாது. "யக்கா, 2022 இன்சூரன்ஸ் ஃபைலு அங்கிட்டு இருக்கா"ன்னு டெய்லி ஒருத்தன் வருவான். நின்னு போன பாலு திரும்ப எறங்க பத்து நிமிஷம் ஆகும், அதுக்குள்ள அடுத்தவன் வந்துருவான். ஒரு நாள் சர்வீஸ் பய ஒருத்தன் தட்டாமலே தள்ளிட்டான், ஸ்டூலோட நான் முன்னாடி சரிஞ்சேன், பம்புல இருந்த பாலு அம்புட்டும் சுடிதார்ல. அவன் பாவம், அழுகுற மாதிரி ஆகிட்டான், ரெண்டு நாள் எம் மூஞ்சியவே பாக்கல.

அப்புறம் இந்த டெலிவரி. எங்க ஷோரூம்ல வண்டி டெலிவரின்னா ஒரு கல்யாணம் மாதிரி. வண்டிக்கு மாலை, பொட்டு, சக்கரத்துக்கு அடில எலுமிச்சம்பழம், கேக்கு, ஸ்டாஃப் அத்தன பேரும் சுத்தி நின்னு கைதட்டி போட்டோ. நெசமாவே டெலிவரி ஆகி வந்தவளுக்குத்தான் மூடுறதுக்கு ஒரு கதவு இல்ல. போன மாசம் அப்பிடி கைதட்டிக்கிட்டு நிக்கும்போது வந்த குடும்பத்துல ஒரு கைக்குழந்தை வீல்னு கத்துச்சு. யாரு பிள்ளையோ, ஆனா எனக்கு சட்டுனு பால் எறங்கிருச்சு. எங்க யூனிஃபார்மு வெளுத்த ஆகாசக் கலர், ஒரு சொட்டு பட்டாலும் தெரியும். ஷாலை இழுத்துப் போட்டுக்கிட்டு, கையில இருந்த கேக்குத் தட்ட நெஞ்சுக்கு நேரா புடிச்சுக்கிட்டு, போட்டோவுக்கு சிரிச்சேன். அந்த போட்டோவ ஷோரூம் பேஜ்ல போட்டிருக்காங்க, அக்கா கேக்க விட மாட்டேங்குதுன்னு ஒருத்தன் கமெண்ட் வேற.

மார்ச் 31 தெரியும்ல, அக்கவுண்ட்ஸ்ல இருக்கவங்களுக்கு அது எமகண்டம். காலைல பத்து மணிக்கு சீட்டுல உக்காந்தவ ராத்திரி ஏழரைக்குத்தான் எந்திரிச்சேன், நடுவுல ரெண்டு தடவை எந்திரிக்கப் போனப்பவும் "இந்த ஒரு என்ட்ரி முடிச்சிருங்கம்மா". ரெண்டு பஸ் மாறி வீட்டுக்குப் போகணும், உக்கார எடமில்ல, கூட்டத்துல ஒரு அம்மா கூடை இடிச்சதுல கண்ணுல பொறி பறந்துச்சு. நைட்டு குளிரு காய்ச்சல், ஒரு பக்கம் செவந்து போய் நெருப்பா சுடுது. டாக்டரம்மா பாத்துட்டு மாத்திரை எழுதிக்குடுத்து, பால நிப்பாட்டிராதம்மா, பிள்ள குடிச்சாத்தான் கட்டு கரையும், அவனுக்கு ஒண்ணும் ஆகாதுன்னாங்க. மூணு நாள் லீவு, சம்பளத்துல புடிச்சாங்க. டீக்கடைக்கு நாளைக்கு நாலு தடவை போய் நின்னு ஊதிட்டு வர்ற சேல்ஸ் டீமுக்கு இதுவரைக்கும் ஒத்த பைசா புடிச்சிருப்பாங்களா?

இதெல்லாம் கூட பொறுத்துக்கிட்டேன், சித்திரைத் திருவிழா அன்னைக்கு நடந்ததுதான் பொறுக்க முடியல. அழகர் ஆத்துல எறங்குற வாரம், ஊரே நீர்மோர்ப் பந்தல் போடுதுன்னு எங்க ஷோரூமும் போட்டாங்க. நல்ல விஷயம், நானும் நூறு ரூவா குடுத்தேன். அன்னைக்கு ரெண்டு தடவையா எடுத்த 120 மில்லிய மூடி போட்டு, பேரு தேதி எழுதி, பேண்ட்ரி ஃபிரிட்ஜுல பின்னாடி தட்டுல வச்சிருந்தேன். நாலு மணிக்குப் போய்ப் பாத்தா ஃபிரிட்ஜு பூரா மோர்ப் பாக்கெட்டு, எம் பாட்டிலு ஃபிரிட்ஜு தலைமேல, சன்னல் வெயில்ல. எடம் பத்தலன்னு எடுத்து வச்சாங்களாம். 25 டிகிரி ரூம்ல வச்சாலே நாலு மணி நேரந்தான் தாங்கும்னு கணக்கு, நம்மூரு சித்திர வெயில்ல எங்குட்டு 25? தொட்டுப் பாத்தா பாட்டிலு வெதுவெதுன்னு இருக்கு. சிங்க்ல ஊத்துனேன். வெளிய ரோட்டுல போறவங்கள எல்லாம் நிறுத்தி நிறுத்தி மோர் குடுத்துக்கிட்டு இருக்காங்க, உள்ள எம்பிள்ளை பாலு சாக்கடைல போகுது. அழுதேன்தான். 120 மில்லி எடுக்க ரெண்டு தடவை உக்காரணும்யா அந்த ரூம்ல.

அன்னைல இருந்து ஐஸ் பேக் போட்ட பையி நானே தூக்கிட்டு வர்றேன், அது தனிக் கதை.

அட்வைஸ் இருக்கு பாருங்க, அதுக்கு மட்டும் பஞ்சமே இல்ல. பில்லிங் அக்கா சொல்லுது, எதுக்குடி இம்புட்டு பாடு, நாலு மொழம் மல்லியப்பூ வாங்கி மார்ல வச்சுக் கட்டு, மூணு நாள்ல வத்திரும். வத்தும், இல்லைங்கல. வேலூர்ல டாக்டருங்களே 1988ல பாத்து எழுதிருக்காங்க, பால் வத்துறதுக்கு குடுக்குற மாத்திரை அளவுக்கு மல்லிகைப்பூவும் வேலை செய்யுதுன்னு. மதுரைல பூவுக்கா பஞ்சம்? ஆனா வத்த வைக்க வழி கேட்டனா நான்? அந்தப் பக்கம் பூண்டு தின்னு, பால் சுறாப் புட்டு தின்னுன்னு ஊற வைக்க ஒரு கூட்டம், இந்தப் பக்கம் பவுடர் டப்பாவ வாங்கிப் போட்டுட்டு நிம்மதியா இருன்னு ஒரு கூட்டம். பவுடர் குடுக்குறவங்கள நான் குத்தம் சொல்லவே இல்ல, அவங்கவங்க நெலம அவங்கவங்களுக்கு. எனக்கு ஊறுது, எம்பிள்ள குடிக்கிறான், அதுக்கு நடுவுல நிக்கிறது ஒரு கதவு, அவ்ளோதான்.

வீட்டுல எங்க அத்தைய சும்மா சொல்லக் கூடாது. பாட்டில் வாய வச்சாலே துப்புற பயலுக்கு பாலாடைல கொஞ்சங் கொஞ்சமா அவங்கதான் ஊத்துறாங்க, அரை மணி நேரம் ஆகும். மொத வாரம் மட்டும் ஃபிரிட்ஜுல மேல ஆடை மாதிரி கொழுப்பு பிரிஞ்சு நின்னதப் பாத்துட்டு திரிஞ்சு போச்சுன்னு கொட்டப் போனாங்க, இன்னொரு நாள் பாலுன்னா காச்சணும்ல ஆத்தான்னு அடுப்புல வச்சு பொங்கவே விட்டுட்டாங்க. ஒரு தடவை சொன்னேன், மெல்ல ஆட்டுனா கலந்துரும், சுடுதண்ணில பாட்டில வச்சா போதும்னு. புடிச்சுக்கிட்டாங்க. அறுபத்தி ரெண்டு வயசுல அவங்களுக்கு ஒரு தடவைல புரிஞ்சது, எம்பிஏ படிச்ச மேனேஜருக்கு மூணு மாசமா புரியல.

சட்டத்தச் சொல்லிப் பாத்தேன். 1961ல வந்த மகப்பேறு சட்டத்துல இருந்தே, பிள்ளைக்கு 15 மாசம் ஆகுற வரைக்கும் வழக்கமான பிரேக் போக இன்னும் ரெண்டு தடவை பாலூட்ட நேரம் குடுக்கணும்னு இருக்கு. 2017ல திருத்துனப்ப லீவு 12 வாரம் 26 ஆச்சு, 50 பேரு வேலை பாத்தா பிள்ளைக் காப்பகம் வைக்கணும்னும் வந்துச்சு. எங்க ப்ராஞ்சுல 38 பேரு, அதனால அது நமக்கு இல்லம்மான்னு முடிச்சுட்டாங்க. பாலூட்ட நேரமான்னா, பிள்ளதான் இங்க இல்லியே, யாருக்கு ஊட்டப் போறீங்கன்னு ஒரு கேள்வி. சிரிச்சுக்கிட்டே வேற கேக்குறாரு. சட்டம் எழுதுனவங்க பிள்ள பக்கத்துலயே தொட்டில்ல கெடக்கும்னு நெனச்சு எழுதிட்டாங்க, எம்பிள்ள ஒத்தக்கடைல கெடக்கு. எங்க நாத்தனாரு கவர்மெண்ட் ஸ்கூல் டீச்சர், 2021ல இருந்து அவங்களுக்கு 12 மாச லீவு, பிள்ள நடக்க ஆரம்பிச்சப்பறம்தான் பள்ளிக்கூடம் போனாங்க. பொறாமையான்னு கேட்டா ஆமா, பொறாமதான். 2015லயே பஸ் ஸ்டாண்டுகள்ல பாலூட்ட தனி ரூம் தொறந்த ஸ்டேட்டு இது. பஸ்ஸுக்கு நிக்கிறவளுக்கு ஒரு ரூம் வேணும்னு தோணிருக்கு, அதே பொம்பள பஸ்ஸ விட்டு எறங்கி ஆபீஸுக்குள்ள போனா ஒண்ணுமில்ல.

சரி, இன்னைக்குக் கதைக்கு வர்றேன். தாழ்ப்பாள் கேட்டு மார்ச்ல இருந்து நாலு தடவை சொல்லியாச்சு. ஹெட் ஆபீஸ் அப்ரூவல் வேணும், கொட்டேஷன் வாங்கணும். ஒரு தாழ்ப்பாளுக்கு கொட்டேஷன்! நேத்து சாயங்காலம் பஸ்ஸுக்குப் போற வழில ஹார்டுவேர் கடைல அறுவது ரூவாய்க்கு நானே ஒண்ணு வாங்குனேன். இன்னைக்கு காலைல, அன்னைக்கு கதவத் தள்ளுனான்ல அதே பயதான், குடுங்கக்கான்னு வாங்கி, சர்வீஸ்ல இருந்து டிரில்லரக் கொண்டாந்து நாலு ஸ்க்ரூ போட்டு, அஞ்சு நிமிஷத்துல மாட்டிட்டான். போட்டுப் பாருங்கக்கான்னான். போட்டேன், டப்புனு விழுந்துச்சு. மூணு மாசத்துல மொத தடவையா முதுகு கதவுல படாம உக்காந்து எடுத்தேன், சாதாரணமா அறுபது எழுபது மில்லிக்கே முக்குறவ, ஒரே மூச்சுல 130.

பாட்டில மூடிட்டு போன எடுத்துப் பாக்குறேன், ஸ்டாஃப் வாட்ஸப் குரூப்புல மேனேஜரு மெசேஜு. அந்த மனுஷன் எல்லாத்தையும் போன்ல வாயால சொல்லித்தான் டைப் பண்ணுவாரு. "ரெக்கார்ட் ரூம் கதவில் அனுமதி இல்லாமல் ஓட்டை போட்டு தாய்ப்பால் மாட்டியது யார்? உடனே பதில் தேவை."

38 பேரும் பாத்துட்டாங்க, ஒருத்தரும் மூச்சு விடல. நான்தான் சார்னு போட்டேன்.