எலிசபெத் டில்லி யாருடைய மகள்?

1620இல் இங்கிலாந்திலிருந்து அமெரிக்காவுக்கு மேஃபிளவர் கப்பலில் வந்த ஜான் ஹௌலேண்டின் மனைவி எலிசபெத், அங்கே அமைந்த பிளிமத் குடியேற்றத்தின் முதல் ஆளுநர் ஜான் கார்வரின் மகள் என்று ஒரு வம்சாவளிப் படம் பகிரப்பட்டிருக்கிறது. அது சரியல்ல. எலிசபெத் அதே கப்பலில் வந்த ஜான் டில்லியின் மகள்.

கார்வரின் மகள் என்ற தகவல் பழைய நூல்களில் இருப்பது உண்மைதான். ஹௌலேண்ட் கார்வர் வீட்டுப் பணியாளராக வந்தவர் என்பதால் பலரும் நம்பிவிட்டார்கள். எலிசபெத்தின் பெற்றோர் முதல் குளிர்காலத்திலேயே இறந்துபோனார்கள். அப்போது அவருக்குப் பதின்மூன்று வயதுதான். இப்படி அனாதையான பிள்ளைகளின் பெற்றோர் பெயர் கதைகளில் மாறிப்போவது எளிது.

குழப்பத்தைத் தீர்த்தது, கார்வருக்குப் பின் ஆளுநரான வில்லியம் பிராட்ஃபோர்ட் பிளிமத்தின் வரலாற்றை எழுதிய கையெழுத்துப் பிரதி. காணாமல் போயிருந்த அது லண்டன் ஆயரின் நூலகத்தில் கிடைத்து, 1856இல் அச்சானது. அதன் இறுதியில் உள்ள பயணிகள் பட்டியலில் டில்லி, அவர் மனைவி, மகள் எலிசபெத் என்று இருக்கிறது. ஹௌலேண்ட் டில்லியின் மகளை மணந்தார் என்றும் பிராட்ஃபோர்டே எழுதியிருக்கிறார். அவர் இவர்களோடு அதே ஊரில் வாழ்ந்தவர், அதனால் பிற்காலக் கதைகளைவிட இதற்குத்தான் எடை அதிகம்.

நீங்களே பார்க்கலாம். பிரதி இப்போது மாசசூசெட்ஸ் மாநில நூலகத்தில் இருக்கிறது, பக்கங்களின் படங்கள் இணையத்தில் இலவசம். கடைசிப் பக்கங்களுக்குப் போங்கள். அப்புறம், இங்கிலாந்தின் பெட்ஃபோர்ட்ஷையரில் உள்ள ஹென்லோ தேவாலயப் பதிவேட்டில் எலிசபெத்தின் 1607ஆம் ஆண்டு ஞானஸ்நானக் குறிப்பையும் தேடிப் பாருங்கள்.