ஆம்ப் மாத்துறதுக்கு முன்னாடி சோஃபாவ தள்ளிப் பாருங்க

பாட்டு கேக்குற பைத்தியம் உள்ள யாரு வீட்டுக்குப் போனாலும் இதே பேச்சுதான், "ஸ்பீக்கர் நல்ல ஸ்பீக்கர்தான், பேஸ் மட்டும் வரமாட்டேங்குது, எந்த ஆம்ப் போடலாம்?" பேஸ்னா அந்த அடியில "தும் தும்"னு வர்ற தடிச்ச சத்தம், ஆம்ப்னா ஸ்பீக்கருக்கு பவர் குடுக்குற பெட்டி. ரூம் எத்தன அடி, எங்க உக்காந்து கேக்குறீங்கன்னு யாரும் கேக்குறதில்ல. நக்கல் பண்ணல, நானும் அந்த கும்பல்ல இருந்தவன்தான், பேஸ் பத்தலன்னு அதுக்குன்னே இருக்குற பெரிய ஸ்பீக்கர், சப்வூஃபர் ஒண்ணு வாங்கி, அதுவும் பத்தலன்னு அதவிட பெருசா இன்னொண்ணு வாங்குன ஆளு.

ஒருநாள் 43 ஹெர்ட்ஸ்ல, அதாவது செகண்டுக்கு 43 தடவ அதிர்ற, ஒரே டோன ஓடவிட்டுட்டு சார்ஜர் எடுக்க எந்திரிச்சேன். சோஃபாவுல இருந்தவரைக்கும் சத்தமே இல்லாத மாதிரி இருந்துச்சு, சுவத்துக்கிட்ட போகப்போக நெஞ்சுல வந்து இடிக்குது, மூலையில குனிஞ்சா காதே அடைக்குது. அதே ஸ்பீக்கர், அதே வால்யூம்! கணக்கு ஒண்ணும் பெருசில்ல. சத்தம் செகண்டுக்கு சுமாரா 343 மீட்டர் போகும், அத ரூம் நீளத்தோட ரெண்டு மடங்கால வகுத்தா அந்த நீளத்துக்கான முதல் மோட் வந்துரும், அதாவது ரெண்டு சுவத்துக்கு நடுவுல சத்தம் மாட்டிக்கிட்டு ஒரே இடத்துல நிக்கிற அலை. என் ரூம் 4 மீட்டர், 343ஐ 8ஆல வகுத்தா கிட்டத்தட்ட 43. பேஸ் கிட்டாரோட தடிச்ச கம்பி 41 ஹெர்ட்ஸ், அதுவும் அதே ஏரியாதான். இந்த அலைக்கு ரெண்டு பக்க சுவத்துலயும் அழுத்தம் உச்சம், நட்டநடுவுல ஒண்ணுமில்ல. நம்ம சோஃபா? அளந்து வெச்சாப்ல நட்டநடுவுல. முக்கால் மீட்டர் பின்னாடி தள்ளுனேன் அவ்ளோதான், ரெண்டு சப்வூஃபர் குடுக்காதத அது குடுத்துச்சு.

ஈக்வலைசர்ல, அதான் ஒவ்வொரு ஹெர்ட்ஸையும் தனித்தனியா ஏத்தி எறக்குறதுல, ஏத்திக்கலாமேன்னு கேப்பீங்க. சத்தம் வீங்கி நிக்கிற ஹெர்ட்ஸ கொறைக்கலாம், அது வேலை செய்யும். சத்தம் காணாமப் போற பள்ளத்த நிரப்ப முடியாது, 10 டெசிபெல் (சத்தத்தோட அளவு) ஏத்துனா ஆம்ப் 10 மடங்கு பவர் தள்ளணும், தள்ளுனாலும் நீங்க உக்காந்திருக்க இடத்துல நேரா வர்ற அலையும் சுவத்துல பட்டுத் திரும்புற அலையும் ஒண்ண ஒண்ணு அடிச்சுக்கிட்டு காணாமப் போயிரும்.

அடுத்த கூத்து ஃபோம். யூட்யூப்ல பாத்து ஒரு இஞ்ச்ல மேடும் பள்ளமுமா இருக்குற ஃபோம நாலு சுவத்துலயும் ஒட்டுனேன். கையத் தட்டுனா வர்ற அந்த "ட்ர்ர்" எதிரொலி போச்சு, வாஸ்தவம். கூடவே பாடுறவங்க குரல்ல இருந்த வெளிச்சமும் போச்சு, தலகாணிக்கு அடியில இருந்து பாடுற மாதிரி ஆயிருச்சு, பேஸ் மட்டும் அப்படியே குமுறிக்கிட்டு இருக்கு. ஏன்னா 100 ஹெர்ட்ஸ் அலை ஒண்ணு 3.4 மீட்டர் நீளம், அதுக்கு இந்த ஒரு இஞ்ச் ஒரு பொருட்டே இல்ல. ஃபோமோ பஞ்சோ எதுவா இருந்தாலும் உள்ள காத்து அசையுறப்ப ஏற்படுற உராய்வுலதான் சத்தத்த திங்குது, சுவத்த ஒட்டுன இடத்துல காத்து அசையவே அசையாது, அசைவு உச்சம் சுவத்துல இருந்து கால் அலை நீளம் தள்ளி, அதாவது 100 ஹெர்ட்ஸுக்கு 85 சென்டிமீட்டர். சுவத்துல முட்டை அட்டை ஒட்டுற கோஷ்டிக்கும் இதே பதில்தான். பக்கத்து வீட்டுக்கு சத்தம் போகாம இருக்க ஃபோம் ஒட்டுறவங்களுக்கு, அதுக்கு கனமான சுவரும் ஓட்டை இல்லாத கதவும் வேணும், இது வேற சப்ஜெக்ட்.

அதனால தடிமன், தடிமன், தடிமன். நான் கடைசியா பண்ண பேனல் 4 இஞ்ச் ராக்வூல் (கல்ல உருக்கி இழுத்த பஞ்சு), மரச்சட்டத்துக்குள்ள, சுவத்துல இருந்து இன்னொரு 4 இஞ்ச் தள்ளி. அந்த கேப் சும்மா கெடைக்குற போனஸ், அதே பஞ்சு இன்னும் கீழ வரைக்கும் வேலை செய்யும். மூலைகளுக்கு இன்னும் தடிப்பா. மேல போத்துற துணிய வாயில வெச்சு ஊதிப் பாருங்க, காத்து தாராளமா போனா ஓகே. வெட்டுறப்ப மாஸ்க், கிளவுஸ் கண்டிப்பா போடுங்க, நான் போடாம ரெண்டு நாள் சொறிஞ்சுக்கிட்டு கெடந்தேன்.

எங்க மாட்டுறதுங்குறதுக்கு கண்ணாடி போதும். நான் என் இடத்துல உக்காந்துக்கிட்டேன், அக்கா பையன் முகம் பாக்குற கண்ணாடிய பக்கத்து சுவத்துல மெதுவா நகத்திக்கிட்டே போனான், "மாமா இங்கயா, இங்கயா"ன்னு. ஸ்பீக்கர் எங்க தெரியுதோ அங்க பென்சில் மார்க், அதுதான் முதல் எதிரொலி வர்ற இடம். பின்சுவத்துல புக் ஷெல்ஃப அப்படியே விட்டுட்டேன், எல்லாத்தையும் பஞ்சால மூடுனா ரூம் செத்துரும்.

இதெல்லாம் புது கண்டுபிடிப்பும் இல்ல. 1895லயே ஹார்வர்டுல சபைன்னு ஒரு இயற்பியல் வாத்தியார், பேசுனா ஒண்ணும் புரியாத லெக்சர் ஹால சரிபண்ண, ராத்திரி ராத்திரியா பக்கத்து தியேட்டர் சீட்டு மெத்தைய தூக்கிட்டு வந்து போட்டு, சத்தம் அடங்க எவ்ளோ நேரம் ஆகுதுன்னு அளந்துருக்காரு. நமக்கு ரூம் சத்தத்த அளக்குற ரூம் ஈக்யூ விசார்ட்ங்குற சாஃப்ட்வேர் ஃப்ரீயாவே கெடைக்குது, அளக்குறதுக்குன்னே இருக்குற ஒரு மெஷர்மெண்ட் மைக் இருந்தா போதும். பேனல் மாட்டுறதுக்கு முன்னாடி ஒண்ணு, மாட்டுனதுக்கு அப்புறம் ஒண்ணுன்னு ரெண்டு கிராஃபையும் பக்கத்துல வெச்சுப் பாருங்க, காது நம்மள ஏமாத்தும்.

ஆங், அந்த பழைய ஃபோம பிச்சப்ப பெயிண்டும் சேந்து வந்துருச்சு. பேனல் மறைச்ச இடம் போக மிச்சமெல்லாம் திட்டுத்திட்டா நிக்குது, வீட்டுக்கு வர்றவங்க ஓதம் அடிச்சிருக்கான்னு கேக்குறாங்க.