பேப்பர் ட்ரேயை மூடும்போதே பிரிண்டர் கேட்டுவிட வேண்டும்

ஜெராக்ஸ் கடை, இ-சேவை மையம், பத்திரம் அடிக்கும் இடம், பள்ளிக்கூட ஆபீஸ், எங்கே போனாலும் “பிரிண்ட் கொடுத்தா வர மாட்டேங்குது” என்ற புகார் இருக்கும். அதில் கணிசமானவற்றில் மெஷினுக்கு ஒரு பழுதும் இருக்காது. ட்ரேயில் ஏ4 இருக்கும், கம்ப்யூட்டரிலிருந்து போன ஃபைல் லெட்டர் அளவைக் கேட்டிருக்கும், பிரிண்டர் விளக்கைச் சிமிட்டிக்கொண்டு நின்றுவிடும். பின்னால் கொடுத்த அத்தனை பேர் வேலையும் அதோடு நிற்கும். உடனே ஆபரேட்டரைத்தான் திட்டுகிறோம். என்னைக் கேட்டால், தப்பு ட்ரே செட்டிங்கை வடிவமைத்த விதத்தில் இருக்கிறது.

ஒரே பேப்பர் அளவை நாலு இடத்தில் சொல்ல வேண்டியிருக்கிறது. வேர்டிலோ பிடிஎஃபிலோ இருக்கும் பக்க அளவு ஒன்று. பிரிண்டரை ஓட்டக் கம்ப்யூட்டரில் போடும் மென்பொருளான டிரைவரில் ஒன்று. மெஷின் மெனுவில் ஒன்று. நாலாவது, ட்ரேக்குள் நகர்த்தி வைக்கிற பிளாஸ்டிக் கைடு நிற்கும் இடம். நாலும் ஒத்துப்போனால்தான் பேப்பர் ஒழுங்காக வரும். ஒன்று பிசகினாலும் சிக்கல்தான், எது பிசகியது என்று எந்தத் திரையும் சொல்வதில்லை.

லெட்டர் எங்கிருந்து வருகிறது என்று பார்ப்போம். ஏ4 என்பது 210 × 297 மி.மீ. லெட்டர் 215.9 × 279.4 மி.மீ. அது அமெரிக்க அளவு, நம் ஊரில் யாரும் அதைத் தேடி வாங்குவதில்லை. ஆனால் விண்டோஸில் ஒவ்வொரு நாட்டு அமைப்போடும் ஒரு பேப்பர் அளவு ஒட்டிக்கொண்டே வருகிறது. ரீஜன் ஃபார்மட் ‘இங்கிலீஷ் (யுனைடெட் ஸ்டேட்ஸ்)’ என்று இருக்கும் கம்ப்யூட்டரில் டிரைவர் போட்டால் லெட்டர் தானாக வந்து உட்கார்ந்துகொள்ள வாய்ப்பு அதிகம். அதனால் டிரைவர் போடும் முன்பே அதை ‘இங்கிலீஷ் (இந்தியா)’ என்று மாற்றிவிடுங்கள். ஏற்கெனவே போட்டாயிற்று என்றால், பிரிண்டர் ப்ராப்பர்ட்டீஸில் ‘அட்வான்ஸ்டு’ டேபுக்குப் போய் ‘பிரிண்டிங் டிஃபால்ட்ஸ்’ பட்டனை அழுத்தி ஏ4 வையுங்கள். பெரும்பாலானவர்கள் ‘ப்ரிஃபரன்சஸ்’ஸில் மட்டும் மாற்றிவிட்டு விட்டுவிடுகிறார்கள். அது அந்த ஒரு லாகினுக்கு மட்டும்தான், அடுத்த ஆள் லாகின் செய்தால் பழைய கதைதான். ‘டிவைஸ் செட்டிங்ஸ்’ டேபில் எந்த ட்ரேயில் எந்த அளவு என்ற பட்டியல் இருந்தால் அதையும் பாருங்கள். குரோம் பிரவுசர் தன் பிரிண்ட் பெட்டியில் பேப்பர் அளவைத் தனியாக நினைவு வைத்திருக்கும், அங்கேயும் ஒரு முறை மாற்ற வேண்டும்.

‘லீகல்’ விஷயம் இன்னும் மோசம். டிரைவரில் லீகல் என்றால் 14 அங்குலம், அதாவது 355.6 மி.மீ நீளம். சில மெஷின்களில் ‘இந்தியன் லீகல்’ என்று தனியாகவே ஒன்று இருக்கிறது, அது 215 × 345. ஃபுல்ஸ்கேப் என்பது 13 அங்குலம், 330 மி.மீ. கடையில் “லீகல் ஒரு பண்டில்” என்று கேட்டால் இவற்றில் எது கைக்கு வரும் என்பது கடையைப் பொறுத்தது. ஒரு தாளை எடுத்து ஸ்கேலில் அளந்துவிட்டு அந்த அளவை டிரைவரிலும் மெஷினிலும் வையுங்கள்.

பத்து மி.மீ வித்தியாசத்துக்கு மெஷின் ஏன் நிற்கிறது? சின்ன பிரிண்டர்கள் பலவற்றில் ட்ரேயில் என்ன அளவு இருக்கிறது என்று அறியும் சென்சாரே கிடையாது. பேப்பர் போகும் வழியில் ஒரு சின்ன பிளாஸ்டிக் நாக்கு இருக்கும். தாளின் முன் விளிம்பு அதைத் தள்ளும், பின் விளிம்பு கடந்ததும் அது பழைய இடத்துக்குத் திரும்பும். இடையில் ஆன நேரத்தை வைத்துத்தான் தாளின் நீளத்தை மெஷின் கணக்குப் போடுகிறது. சொன்ன நீளத்துக்கு முன்னாலேயோ பின்னாலேயோ விளிம்பு கடந்தால், மாடலைப் பொறுத்து ‘மிஸ்மேட்ச்’ என்றோ ‘ஜாம்’ என்றோ காட்டும். கவரைத் திறந்து பார்த்தால் உள்ளே தாள் ஏதும் சிக்கியிருக்காது. அப்படி வந்தால் ரோலரைத் துடைக்கும் முன் அளவு செட்டிங்கைப் பாருங்கள். பெரிய ஆபீஸ் மெஷின்களில் கைடுகளே சுவிட்சை அழுத்தி அளவைச் சொல்லும். அங்கேயும் பின்பக்கக் கைடு அதன் பள்ளத்தில் ‘டிக்’ என்று உட்காராவிட்டால் தப்பாகத்தான் படிக்கும்.

பணம் நேரடியாகப் போகிற இடம் முத்திரைத்தாள். முதல் பக்கம் முத்திரைத்தாளிலும் மற்றவை சாதாத் தாளிலும் வர வேண்டும். வேர்டில் லேஅவுட், பேஜ் செட்டப், அதில் ‘பேப்பர்’ டேப். ‘ஃபர்ஸ்ட் பேஜ்’ என்பதற்கு மல்டி பர்ப்பஸ் ட்ரே (தனித் தாள்களைக் கையால் வைக்கும் ட்ரே), ‘அதர் பேஜஸ்’ என்பதற்குக் கேசட் (கட்டாகத் தாள் வைக்கும் இழுப்பறை). இருபக்க பிரிண்டை அணைத்துவிடுங்கள், இல்லாவிட்டால் இரண்டாம் பக்கம் முத்திரைத்தாளின் பின்னால் ஏறிவிடும்.

இதில் ஒரு பொறி இருக்கிறது. ஹெச்பி லேசர்ஜெட் மாடல்கள் பலவற்றில் மல்டி பர்ப்பஸ் ட்ரே ‘எனி சைஸ், எனி டைப்’ (எந்த அளவும், எந்தத் தாள் வகையும்) என்று விடப்பட்டிருந்தால், அதில் தாள் இருக்கும்வரை எந்த வேலை வந்தாலும் மெஷின் முதலில் அதைத்தான் இழுக்கும். நீங்கள் முத்திரைத்தாளை வைத்துவிட்டுச் சீட்டுக்குத் திரும்புவதற்குள், பக்கத்துக் கம்ப்யூட்டரிலிருந்து யாரோ கொடுத்த கரன்ட் பில் ரசீது அதில் அடித்து வந்துவிடும். தடுக்க வேண்டுமென்றால் அந்த ட்ரேக்கு அளவைக் குறிப்பிட்டு, வகையை ‘பாண்ட்’ போல வேறு யாரும் கேட்காத ஒன்றாக வையுங்கள். பத்திரம் அடிக்கும் கம்ப்யூட்டர் டிரைவரில் வகை ‘அன்ஸ்பெசிஃபைடு’ ஆக இருக்கட்டும். மெஷின் மெனுவில் ‘யூஸ் ரிக்வெஸ்டட் ட்ரே’ இருந்தால் அதை ‘எக்ஸ்க்ளூசிவ்லி’ (கேட்ட ட்ரேயிலிருந்து மட்டும்) என்று வையுங்கள். முதலில் சாதாத் தாளில் ஒரு முறை சோதித்துவிட்டு முத்திரைத்தாளை வையுங்கள். இவ்வளவையும் தெரிந்து வைத்திருக்க வேண்டியது ஒரு டைப்பிஸ்ட்டின் வேலையா?

அளவோடு வகையும் முக்கியம். டோனர் பொடியைச் சூட்டில் தாளோடு ஒட்டவைக்கும் ஃபியூசரின் சூடும் தாள் ஓடும் வேகமும் அதை வைத்துத்தான் மாறும். 75 ஜிஎஸ்எம் (ஒரு சதுர மீட்டர் தாளின் எடை, கிராமில்) என்று நினைத்துக்கொண்டு 200 ஜிஎஸ்எம் அட்டையை ஓட்டினால் டோனர் ஒட்டாது, விரலால் தேய்த்தால் எழுத்து உதிரும். மாறாக, சாதாத் தாளுக்குத் ‘திக்’ (தடித்த தாள்) என்று வைத்தால் வேலை மந்தமாகும், தாள் சுருளும்.

இனி, எப்படி இருக்க வேண்டும் என்று நான் நினைப்பதைச் சொல்கிறேன்.

கேள்வியை ட்ரே மூடுகிற நொடியில் கேட்க வேண்டும். என்ன தாள் வைத்தோம் என்று வைத்தவருக்கு அப்போதுதான் தெரியும். சில மெஷின்கள் இப்போதே கேட்கின்றன. ஆனால் அந்தத் திரை சில நொடிகளில் மறைந்துவிடும், ‘மாடிஃபை’ தொட்டால் பக்கம் பக்கமாக அளவுகள் வரும். “முன்பு இருந்தது ஏ4, சாதா, 75 ஜிஎஸ்எம். அதேதானா?” என்று கேட்டு ஆம், இல்லை என்று இரண்டு பட்டன் போதும். இல்லை என்றால் அந்த மெஷினில் கடைசியாக வைத்த நாலு அளவுகளைக் காட்டட்டும், மிச்சமெல்லாம் ‘மற்றவை’க்குள் போகட்டும். பதில் வராவிட்டால் பழையதையே வைத்துக்கொண்டு ஓடலாம், ஆனால் யாரும் உறுதி செய்யவில்லை என்ற குறி திரையில் நிற்க வேண்டும். கேள்வி தமிழிலேயே வரட்டும்.

ட்ரே எண்ணையும் ஒழுங்குபடுத்த வேண்டும். ஹெச்பி மாடல்கள் பலவற்றில் ‘ட்ரே 1’ என்றால் மல்டி பர்ப்பஸ், கீழே இருக்கும் கேசட் ‘ட்ரே 2’. ரிக்கோவிலும் கியோசெராவிலும் முதல் கேசட்தான் 1. இரண்டு பிராண்டும் இருக்கும் ஆபீஸில் “ட்ரே 1-ல வை” என்று சொன்னால் ஆளுக்கொரு இடத்தில் வைப்பார்கள். எந்த ட்ரேயைச் சொல்கிறதோ அந்த ட்ரேயின் முகப்பில் ஒரு சின்ன விளக்கு எரிந்தாலே குழப்பம் தீர்ந்தது.

மிஸ்மேட்ச் வந்தால் “கேட்டது லெட்டர், இருப்பது ஏ4” என்று இரண்டையும் காட்டிவிட்டு, ‘சுருக்கி அடி’, ‘தாள் மாற்றுகிறேன்’, ‘ரத்து’ என்று மூன்று பட்டன் கொடுக்க வேண்டும். லெட்டர் பக்கத்தை 97 சதவீதமாகச் சுருக்கினால் ஏ4-க்குள் அடங்கிவிடும், படிக்கிறவருக்கு வித்தியாசமே தெரியாது. இதற்கென்று ‘ஓவர்ரைடு ஏ4/லெட்டர்’ என்ற வசதி சில மெஷின்களில் மெனுவின் அடியில் கிடக்கிறது, தேடி எடுத்து ‘யெஸ்’ வையுங்கள். யாரும் பதில் சொல்லாவிட்டால் அந்த ஒரு வேலையை ஓரமாக நிறுத்திவிட்டு அடுத்ததை அடிக்கட்டும்.

கம்ப்யூட்டர் திரையிலும் ட்ரேயில் இப்போது என்ன இருக்கிறது என்று தெரிய வேண்டும். இதற்குப் புதிதாக எதையும் கண்டுபிடிக்க வேண்டியதில்லை. ஒவ்வொரு ட்ரேயிலும் உள்ள தாளின் அளவு, வகை, எவ்வளவு மிச்சம் என்பதை நெட்வொர்க் வழியாகச் சொல்லும் முறை 1995-லேயே ஆர்எஃப்சி 1759 என்ற இணையத் தர ஆவணமாகத் தரப்படுத்தப்பட்டது. 2004-ல் ஆர்எஃப்சி 3805 ஆகப் புதுப்பிக்கப்பட்டது. நெட்வொர்க் வழியாகப் பிரிண்ட் கொடுக்க உதவும் ஐபிபி (இன்டர்நெட் பிரிண்டிங் புரோட்டோகால்) முறையிலும் இதே தகவல் வருகிறது. மெஷின் சொல்லத் தயாராக இருக்கும்போது, பிரிண்ட் பெட்டி மட்டும் ‘ஆட்டோ செலக்ட்’ என்று காட்டிக்கொண்டிருப்பது என்ன நியாயம்?

புது மெஷின் வாங்கப் போகிறவர்கள் நிமிடத்துக்கு எத்தனை பக்கம் என்று மட்டும் கேட்காமல் டீலரிடம் ஒரு சோதனை செய்து காட்டச் சொல்லுங்கள். எல்லா ட்ரேயிலும் ஏ4 வைத்துவிட்டு ஒரு லீகல் ஃபைலை அனுப்புங்கள், அதன் பின்னாலேயே ஒரு ஏ4 ஃபைலையும் அனுப்புங்கள். திரை என்ன சொல்கிறது, ஏ4 முந்திக்கொண்டு வெளியே வருகிறதா, லீகலை மெஷினிலேயே ரத்து செய்ய எத்தனை பட்டன் அழுத்த வேண்டியிருக்கிறது, ட்ரேயை இழுத்து மூடினால் அளவைக் கேட்கிறதா என்று பாருங்கள். விலை பேசுவதை அதற்குப் பிறகு வைத்துக்கொள்ளலாம்.