மஹரகமவில் கிடைக்குமா என்று கேட்கிறார்கள்

காபன் நனோ துகள்களில் மருந்தேற்றி இரத்தப் புற்றுநோயைக் குணப்படுத்தலாம் என்ற கட்டுரையை ஹட்டனில் இருக்கும் அண்ணன் ஒருவர் எனக்கு அனுப்பி, "இது மஹரகமவில் கிடைக்குமா தம்பி?" என்று கேட்டார். அங்கே இருக்கும் புற்றுநோய் வைத்தியசாலையைத்தான் சொல்கிறார். மகளுக்கு கிமோ நடக்கிறது. இன்னும் ஆய்வுகூடத்தில்தான் இருக்கிறது அண்ணே என்றேன். அந்த ஒரு வரியைக் கட்டுரையிலேயே போட்டிருக்கலாம்.

யோசனை என்னவோ அருமைதான். டொக்ஸோரூபிசின், கிமோவில் ஏற்றும் அந்தச் சிவப்புச் சர்பத் நிற மருந்து, இதயத்தையும் கெடுக்கும். அதனால்தான் ஒருவருக்கு வாழ்நாளில் இவ்வளவுதான் ஏற்றலாம் என்று வரம்பு வைத்திருக்கிறார்கள். காபன் துகளில் ஏற்றிப் புற்றுக் கலத்துக்கே அனுப்பினால் இதயம் தப்பும் என்பதுதான் யோசனை. மருந்தின் மூலக்கூறில் தட்டையான வளையங்கள் இருப்பதால் காபன் மேற்பரப்பில் தானாகவே ஒட்டிக்கொள்ளும். புற்றுக் கலத்துக்குள் அமிலத்தன்மை கூடிய பைகளுக்குப் போனதும் கழலும்.

சரி, மருந்து இறங்கிய பிறகு அந்தக் காபன் எங்கே போகும்? நீளமான காபன் நனோ குழாய்களை எலிகளின் வயிற்றறைக்குள் செலுத்தியபோது கல்நார் (அஸ்பெஸ்டஸ்) போலவே அழற்சி உண்டானதாக 2008இல் ஆய்வு வந்தது. கட்டுரையில் அதைப் பற்றி மூச்சே இல்லை. காபன் புள்ளிகள் எனப்படும் மிகச் சிறிய உருண்டைத் துகள்கள் வேறு வகை என்றாலும் இதைச் சொல்லத்தான் வேண்டும்.

காபனுக்குப் பதிலாக நனோ அளவுக் கொழுப்புக் குமிழில் இரண்டு மருந்துகளை அடைத்த வைக்சியோஸ் என்ற மருந்தை, தீவிர மைலாய்ட் வகை இரத்தப் புற்றுநோய் சிலவற்றுக்கு அமெரிக்கா 2017இலேயே அனுமதித்துவிட்டது. அடுத்த முறை அதைப் பற்றி எழுதுங்கள்.